எத்தனை டன் தாங்கும்?

கயிறு வாங்க வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: "இது எத்தனை டன் தாங்கும்?" போர்வெல்லில் மோட்டார் இறக்க வருகிறவர் அதைத்தான் கேட்பார். லாரியில் தார்ப்பாய் இழுத்துக் கட்ட வருகிறவரும், வடமாட்டுக்கு வடம் பார்க்க வருகிற சிவகங்கைப் பக்கத்துப் பையன்களும் அதையேதான் கேட்பார்கள். கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் என் சித்தப்பாவின் கயிற்றுக் கடை இருக்கிறது. டியூஷன் இல்லாத மாலைகளில் அங்கே போய் உட்காருவேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், ஒரே எண்ணில் பதில் சொல்லிவிடலாம். சித்தப்பாவுக்குத்தான் ஆகாது. "டன் கணக்கெல்லாம் கம்பெனிக்காரன் போடுறது. அறுந்து போறது நாம கட்டுற இடத்துல" என்று முணுமுணுப்பார். வாடிக்கையாளருக்குக் கேட்கிற மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும்.

போன கார்த்திகையில் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரியில் காட்ட மதுரைக்கு வந்தவர், அம்மாவை வரிசையில் உட்கார வைத்துவிட்டு நடுவில் கிடைத்த நேரத்தில் கயிறு பார்க்க வந்திருந்தார். அவரிடம் ஒரு பைபர் போட் இருக்கிறது. நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் இன்னொரு போட்டில் கட்டி இழுத்து வர வேண்டும், அல்லது இவர் போய் இன்னொருவரை இழுத்து வர வேண்டும். "நல்லா கெட்டியா, இழுத்தா நீளாத கயிறா குடுங்கண்ணே" என்றார். சித்தப்பா எழுந்திருக்கவே இல்லை. "நீளாத கயிறு இழுக்கிறதுக்கு ஆகாது தம்பி, நைலான் எடுத்துக்க" என்றார். வந்தவர் முகம் மாறிவிட்டது. அதற்குக் காரணமும் இருக்கிறது. கயிறு கிலோ கணக்கில் விற்கிற சரக்கு. பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் கயிறு, தண்ணீரை விட லேசு, நைலான் கனம். ஒரே தடிமனில் ஒரு கிலோ வாங்கினால் பிபி அதிக நீளம் வரும், கிலோ விலையும் குறைவு. நைலான் என்றால் இரண்டு வழியிலும் காசு கூடுதல். விலை கூடின சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று யாருக்கும் தோன்றும். அவர் பிபியையே நிறுக்கச் சொன்னார், பணத்தைக் கொடுத்துவிட்டு அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார்.

அவர் போனபிறகு சித்தப்பாவிடம் காரணம் கேட்டேன். "எங்கப்பா சொல்லுவாரு" என்றார், அவ்வளவுதான். ரசீதில் அந்தத் தம்பி எழுதிய போன் நம்பர் இருந்தது. வீட்டுக்கு வந்தும் விஷயம் விடவில்லை. இழுக்கிறவன் கொடுக்கிற விசை முழுவதும் இழுபடுகிறவனுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் விறைப்பான கயிறுதானே நல்லது? அப்படிப் பார்த்தால் தொண்டித் தம்பி கேட்டது நியாயம். ஆனால் ஐம்பது வருஷமாகக் கயிறு விற்கிற குடும்பத்தில் வந்த பேச்சைக் காரணம் தெரியாததாலேயே தள்ளிவிடவும் மனசு வரவில்லை.

கரும்பலகையில் போட்ட கணக்கு

ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோவை இன்னொன்று கட்டி இழுத்துப் போகும்போது தரை அசைவதில்லை. கடலில் தரை என்ற ஒன்றே இல்லை. முன்னே போகிற போட் அலையின் முதுகில் ஏறிக்கொண்டிருக்கும், பின்னே வருகிறது சரிவில் இறங்கி ஓடிவரும். கயிறு தொய்ந்து தண்ணீரில் விழும். அடுத்த நொடி முன்னது சரிவில் பாயும், பின்னது ஏற்றத்தில் திணறும். தொய்ந்த கயிறு சட்டென்று விறைக்கும். மதுரையில் இதை வெட்டி இழுக்கிறது என்போம். சீராக இழுக்கிற விசை ஒன்றும் பெரிதில்லை, சின்ன போட்டை மெதுவாக நகர்த்த ஆள் பலமே போதும். ஆபத்து அந்த வெட்டில்தான் இருக்கிறது.

அடுத்த நாள் வகுப்பில் இதையே கணக்காகப் போட்டேன். போட், வலை, ஆட்கள் எல்லாம் சேர்த்து 2 டன் என்று வைத்துக்கொள்வோம். கயிறு விறைக்கிற நேரத்தில் இரண்டு போட்டுக்கும் இடையே வினாடிக்கு 1 மீட்டர் வேக வித்தியாசம், அதாவது மணிக்கு 3.6 கிலோமீட்டர். கோவில் பிரகாரத்தில் பாட்டிகள் நடக்கிற வேகம். இயக்க ஆற்றல் 1000 ஜூல். இதைக் கயிறு உள்வாங்கிக்கொள்ள வேண்டும். கயிறு 5 சென்டிமீட்டர்தான் நீளும் என்றால் உச்ச விசை கிட்டத்தட்ட 4 டன் எடைக்குச் சமம். அதே கயிறு 1 மீட்டர் நீண்டு கொடுத்தால் 200 கிலோ. படகு அதே படகு, அலையும் அதே அலை. கயிறு விட்டுக்கொடுத்த நீளம் மட்டும்தான் மாறியிருக்கிறது, விசை இருபதில் ஒரு பங்காகிவிட்டது. பின்பெஞ்சுப் பையன் ஒருவன், "அப்ப ரப்பர்ல கட்டி இழுக்கலாமா சார்?" என்று கேட்டான். கிண்டலுக்குத்தான் கேட்டான். நல்ல கேள்வி.

பெரிய கப்பல்களை இழுக்கிறவர்கள் இந்தக் கேள்வியோடுதான் காலம் காலமாக மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். ஆழ்கடலில் இழுவைக்கப்பல் எஃகு வடத்தை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு விட்டு இழுக்கும். எஃகு அதிகம் நீளாது. ஆனால் அத்தனை நீளமும் தன் எடையால் கடலுக்குள் வளைந்து தொங்கும். வெட்டு வரும்போது அந்த வளைவு நிமிர்ந்து கொடுக்கும், விசை தணிந்ததும் மறுபடி தொங்கும். வடம் நேர்கோடாகத் தண்ணீரை விட்டு எழும்ப ஆரம்பித்தால் கேப்டன் வேகத்தைக் குறைப்பார், இல்லையென்றால் இன்னும் வடத்தை விடுவார். இரண்டு கலங்களும் ஒரே நேரத்தில் அலை முகட்டில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குகிற மாதிரி நீளத்தைச் சரிசெய்வது இன்னொரு வித்தை. நைலான் வருவதற்கு முன்னால் ஆங்கிலேயக் கப்பல்களில் இழுவைக்கென்றே தடித்த தேங்காய்நார் வடம் வைத்திருந்தார்கள். மணிலா நாரோடு பார்த்தால் தேங்காய்நாருக்குப் பலம் ரொம்பக் குறைவு. ஆனால் அது மிதக்கும், நன்றாக நீளும். பலத்தில் பின்தங்கிய கயிற்றைத் தேடிப்பிடித்து இழுவைக்கு வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். நம் சிங்கம்புணரிக்காரர்கள் திரிக்கிற அதே சரக்கு.

நைலான் அந்த வேலையைப் பலத்தோடு சேர்த்துச் செய்தது. அறுகிற நிலைக்கு வருவதற்குள் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நீளக்கூடியது. நனைந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் பலம் குறையும், அது ஒரு குறை. பாலியெஸ்டர் நைலானில் பாதி அளவுதான் நீளும். பிபி மிதக்கும், கைக்கு லேசு, ஆனால் வெயிலில் நொய்ந்துபோகும், உரசல் சூட்டில் சீக்கிரம் இளகும். இதையெல்லாம் திரட்டிச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அதைத்தான நானும் சொன்னேன்" என்றார். அவர் சொல்லவே இல்லை. ஆனால் அந்தச் சண்டைக்கு நான் போகவில்லை.

தெப்பக்குளக் கரையில்

கணக்கு சரியாக வந்ததே தவிர, உடம்புக்குப் புரியவில்லை. அது புரிந்தது தைப்பூசத்தன்று.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. 1645ல் திருமலை நாயக்கர் கட்டியது, ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் முன்பின்னாக நீளம் அகலம், நடுவில் மைய மண்டபம். தண்ணீர் இல்லாமல் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய காலமும், தெப்பம் மிதக்க வழியில்லாமல் ஒரே இடத்தில் நிலைத் தெப்பமாக நின்ற ஆண்டுகளும் நம் எல்லோருக்கும் தெரியும். இப்போது வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்திருக்கிறது. மீனாட்சியும் சொக்கரும் காலையில் இரண்டு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. நான் சாயங்காலச் சுற்றுக்குத்தான் போவேன். விளக்கெல்லாம் தண்ணீரில் தெரியும், சுண்டலும் கிடைக்கும்.

இந்த முறை சாமியைப் பார்த்த நேரம் குறைவு, வடத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். தெப்பத்தில் இன்ஜின் கிடையாது, துடுப்பு கிடையாது. கரையிலிருந்து மனிதர்கள் வடம் பிடித்து இழுத்தால்தான் நகரும். நீர்நிலையில் ஒரு கலத்தைக் கயிறு கட்டி இழுக்கிற வேலை, கடலே இல்லாத என் ஊரில், வருஷா வருஷம் நடக்கிறது. இத்தனை நாள் அதை இழுவை என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வடம் முதலில் தண்ணீருக்குள் தொய்ந்து கிடந்தது. வடம் பிடித்த கூட்டத்தில் இளவட்டங்கள்தான் அதிகம், ஒரே இழுப்பில் நகர்த்திவிடுகிற வேகத்தில் நின்றார்கள். முன்னால் தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் கையை உயர்த்தியபடி, "வெட்டாதீங்கப்பா, வெட்டாதீங்க. சேர்ந்து சாய்ங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாரும் கையால் இழுக்கவில்லை, உடம்பைப் பின்னால் சாய்த்தார்கள். வடம் தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்தது. எழுந்த பிறகும் தெப்பம் அசையவில்லை. கொஞ்ச நேரம் எதுவுமே நடக்கவில்லை, கூட்டம் சாய்ந்தபடியே நிற்கிறது, வடம் மட்டும் முறுக்கேறிக்கொண்டே போகிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா "நகரலையே" என்றார். அப்புறம் எப்போது நகர ஆரம்பித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி தெப்பம் நகர்ந்துகொண்டிருந்தது. மேலே நின்றிருந்த பட்டர்கள் யாரும் தடுமாறவில்லை, தீபம் ஆடவில்லை.

கரும்பலகையில் நான் போட்ட 1 மீட்டர் இதுதான். அந்த நூறு பேரும் விறைத்து நின்று ஒரே வெட்டாக வெட்டியிருந்தால் வடம் அறுந்திருக்கலாம், அல்லது தெப்பத்தில் கட்டிய இடம் பிய்ந்திருக்கலாம். வடத்தின் தொய்வும், நாரின் நீட்சியும், சாய்கிற உடம்புகளின் இளக்கமும் சேர்ந்து ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திக்கொண்டிருந்தன. விசை முழுவதும் உடனே போய்ச் சேர வேண்டும் என்று நான் நினைத்ததுதான் என்னைச் சுற்ற விட்டிருக்கிறது. இழுவையில் விசை தாமதமாகப் போய்ச் சேர்ந்தால்தான் கலமும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் கவனித்தேன். கரையிலிருந்து இழுக்கும்போது வடம் தெப்பத்தை முன்னால் மட்டும் கொண்டுபோவதில்லை, கரையை நோக்கியும் இழுக்கும். வடம் நீளமாக இருந்தால் அந்தக் கோணம் சிறியதாகும், பக்கவாட்டு இழுப்பும் குறையும். மரக்காணம் வரை வந்த பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் கரையோரம் நடந்தபடி படகுகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள், அவர்களுக்கும் இதே தொல்லை இருந்திருக்கும். கடலில் இந்தப் பக்கவாட்டு இழுப்பு ஆளையே கொல்லும். வடம் இழுவைக்கப்பலின் பின்பக்கத்திலிருந்து விலகிக் குறுக்காக வந்துவிட்டால், இழுக்கிற கப்பலையே அது கவிழ்த்துப் போட்டுவிடும். 2007 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றில் மூடுபனிக்குள் ஒரு சரக்குக் கப்பலை இழுத்துப்போன 'ஃபிளையிங் ஃபாண்டம்' என்ற இழுவைக்கப்பல் இப்படித்தான் கவிழ்ந்தது. நான்கு பேரில் மூன்று பேர் இறந்துபோனார்கள். அதனால்தான் நல்ல இழுவைக்கப்பலில் வடத்தை நொடியில் கழற்றிவிடுகிற கொக்கி இருக்கும்.

இன்னொன்று நிறுத்துவது. தெப்பத்துக்குப் பிரேக் இல்லை. நிற்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே வடத்தைத் தளர்த்திவிட்டார்கள், தெப்பம் தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது. கடலில் முன்னே போகிற போட் சட்டென்று நின்றால் பின்னே வருகிறது முதுகில் வந்து மோதும், தொய்ந்த கயிறு புரொப்பல்லரில் சுற்றும். கரை நெருங்கியதும் கயிற்றைக் குறைத்துக்கொள்வதும், பக்கவாட்டில் சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போவதும் அதனால்தான்.

தொண்டித் தம்பியின் பதில்

அன்றிரவே ரசீது நம்பருக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன், கணக்கோடு. இரண்டு நாள் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் இன்ஜின் சத்தத்தோடு. "சார், நீங்க சொல்றது ஆழ்கடலுக்கு. எங்க பக்கம் ஆழம் ஏது? பத்து பன்னெண்டு மீட்டர் இருந்தா பெருசு. கயிறு தொங்குனா மண்ணுல உரசும். நைலான் தாழ்ந்து போகும், பின்னாடி வந்தா இன்ஜின் காத்தாடில சுத்திக்கிரும். பிபி மெதக்குறதால இருட்டுல கூட கண்ணுக்குத் தெரியும், வீசி எறிஞ்சா அந்தப் போட்காரன் கம்பால கோர்த்து எடுத்துக்கிருவான்." எல்லாமே உண்மை. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், அலையும் குட்டையாக, நெருக்கமாக அடிக்கும். என் எஃகு வடமும் வளைவும் அங்கே செல்லாது. கடைசியாக ஒன்று சொன்னார்: "அப்புறம் சார், கயிறு அறுந்து நான் பார்த்ததே இல்ல. கட்டுன கட்டைதான் புடுங்கிட்டு வரும்." சித்தப்பா முணுமுணுப்பதும் இதுதான்.

அங்கேதான் 'எத்தனை டன்' என்ற கேள்வி இன்னும் சின்னதாகிப் போகிறது. சீட்டில் போட்டிருக்கிற டன் கணக்கு புதுக்கயிற்றுக்கு, முடிச்சில்லாமல் சோதித்தது. முடிச்சு விழுந்தாலே மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பலம் போய்விடும். மெல்லிய பைபரில் இரண்டு ஸ்குரூவில் நிற்கிற கட்டையில் 5 டன் கயிற்றைக் கட்டி என்ன பிரயோஜனம்? கயிறு விறைப்பாக இருந்தால் வெட்டு அப்படியே அந்த ஸ்குரூவில் இறங்கும்.

அதே சமயம் நைலானை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் தயாராக இல்லை. உள்வாங்கிய ஆற்றல் எங்கும் போவதில்லை. கயிறு அறுந்தால் அந்த 1000 ஜூலும் அறுந்த நுனியோடு திரும்பி வரும். நீளாத கயிறு என்றால் அறுந்து செத்த பாம்பாகக் காலடியில் விழும் என்ற நம்பிக்கை கப்பல்காரர்களிடமும் இருந்தது. 2015 மார்ச்சில் வேல்ஸில் உள்ள மில்போர்ட் ஹேவன் துறையில் 'சர்கா' என்ற எரிவாயுக் கப்பலைக் கரையில் கட்டும்போது, அப்படி நீளாத நவீன இழைக் கயிறு ஒன்று அறுந்து அதிகாரி ஒருவரின் தலையில் அடித்தது, கடுமையான காயம். அந்தக் கயிற்றின் நுனியில் அதிர்ச்சி தாங்குவதற்காக நீளக்கூடிய கயிறு ஒன்றை இணைத்திருந்தார்கள், ஆற்றல் அதில் சேர்ந்து நின்றிருக்கிறது. காப்பாற்றுவதும் அதுதான், அடிப்பதும் அதுதான். விறைத்த கயிற்றின் நேர்கோட்டில் நிற்காதே என்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. தெப்பக்குளத்தில் வடத்தை ஒட்டிக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

தொண்டித் தம்பியும் நானும் ஒரு மாதிரி உடன்பாட்டுக்கு வந்தோம். பிபியைத் தூக்கிப் போட வேண்டாம், இருட்டில் வீசவும் எடுக்கவும் அது இருக்கட்டும். இழுபடுகிற போட் பக்கம் மட்டும் கொஞ்ச நீளம் நைலான் சேர்ப்பது, அதையும் ஒரே கட்டையில் கட்டாமல் இரண்டு பக்கமும் பிரித்துக் கவட்டையாகக் கட்டி இழுப்பைப் பங்கிடுவது. நைலான் கிடைக்காத அவசரத்துக்குப் பழைய பைக் டயர் ஒன்றை நடுவில் கோர்த்துக்கொள்வோம் என்றார். என் பின்பெஞ்சுப் பையன் கேட்டது ஒன்றும் கிண்டலில்லை.

சித்தப்பா இதில் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டார். கவட்டைக்கு இரட்டிப்புக் கயிறு போகும், வியாபாரத்துக்கு நல்லது, ஆனால் வருகிறவன் ஏமாற்றுகிறோம் என்பான் என்கிறார். இருந்தாலும் அவரிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. யாராவது "எத்தனை டன் தாங்கும்?" என்றால் இப்போதெல்லாம் பதிலுக்கு "எதுல கட்டப் போறீங்க?" என்று கேட்கிறார். பாதிப் பேருக்கு அது பிடிப்பதில்லை, கயிறு வாங்க வந்த இடத்தில் விசாரணையா என்று பார்க்கிறார்கள். போன வாரம் மேலூர்ப் பக்கத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஒருவர் வந்தார். வண்டியைக் கூட ஆஃப் பண்ணவில்லை. சித்தப்பா வழக்கம்போல "எதுல கட்டப் போறீங்க?" என்றார்.

"மாட்டுலண்ணே. கிணத்துல விழுந்து கெடக்கு."

சித்தப்பா எழுந்துவிட்டார். நீளுகிற கயிறு இதற்கு ஆகவே ஆகாது, தூக்கும்போது மேலும் கீழும் ஆடி மாடு சுவரில் மோதும். நைலானைத் தள்ளிவிட்டு, உள்ளே கிடந்த தடித்த பருத்தி வடத்தை இழுத்துப் போட்டார். வயிற்றைச் சுற்றிக் கட்ட அகலப் பெல்ட்டும் எடுத்தார். பிறகு, இத்தனை வருஷமாக மற்றவர்கள் கேட்டு அவர் எரிச்சல்பட்ட கேள்வியை அவரே கேட்டார்: "மாடு எத்தனை கிலோ இருக்கும்?"

"சினையா இருக்குண்ணே."

வடத்தை உள்ளே போட்டுவிட்டு அதைவிடத் தடிமனான ஒன்றை எடுத்தார்.